பாயின் கேரவனும் என் ஸ்கேனரும்

முப்பது வருடமாகக் கொடைக்கானலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். என்னைவிட்டால் மலையில் ஆள் கிடையாது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் ஒரு பழைய டீசல் கேரவன் வாங்கினார். உள்ளேயே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஊர் சுற்ற அல்ல. அவர் மனைவி மும்தாஜ் அக்காவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு, கால் மணி நேரம்கூட உட்கார முடியாது. தாராபுரத்தில் மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்க வேண்டும், படுத்துக்கொண்டேதான் போக முடியும்.

கிளம்புவதற்கு முதல் நாள், பாய் வடகவுஞ்சி வரை ஓட்டிப் பார்க்கப் போனார். பாதி வழியில் பேட்டரி, ஏபிஎஸ், இன்ஜின் செக் என்று டாஷ்போர்டில் ஆறு விளக்கும் ஒன்றாக எரிந்திருக்கின்றன. நேரே என் ஷெட்டுக்கு வந்தார்.

"வெரசாப் பாருங்க செல்வம். மகளுக்கு எப்ப வலி எடுக்கும்னு சொல்ல முடியாது."

"நாளைக்கு வெள்ளனே எடுத்துக்கங்க பாய்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு விளக்கு ஒன்றாக எரிந்தால் ஆறு பார்ட்டும் ஒன்றாகச் செத்திருக்காது. எர்த்தை, அதாவது பேட்டரி ஒயர் வண்டியின் இரும்போடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் வண்டிக் கோளாறைக் காட்டும் புது ஸ்கேனர் வாங்கிய மிதப்பு. மாட்டினேன், எட்டு எரர் கோடு காட்டியது. ஆல்டர்னேட்டரை மாற்றினேன். வீல் சென்சரை மாற்றினேன். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறியது. எர்த் சரியில்லை என்று வண்டியே வாய்விட்டுச் சொல்கிறது. நான் டெம்பரேச்சர் சென்சரையும் மாற்றினேன். இப்படி இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலை, மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்தது. பாயோடு அக்காவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். நான் சாவியைப் போட்டபடி டிரைவர் சீட்டில் இருந்தேன்.

"வண்டி கம்ப்யூட்டரே போச்சு பாய். கோயமுத்தூர்லருந்து வரணும்."

"தம்பி, இங்கன என்னமோ அழுகிக் கெடக்கு. ஒரே நாத்தம்" என்றபடி அக்கா முன்பக்கக் கிரில்லுக்குள் கையை விட்டு இழுத்தார். ஆறு விளக்கும் ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தன.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் கையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். வண்டி மலையேறி வந்த அன்று திருஷ்டிக்காக நானே கட்டியது. நூல் அகப்படாமல் செம்பு ஒயரில் கோத்து, கைக்கு வாகான ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன். அது எர்த் போல்ட். இரண்டு மாத மழையில் சாறு இறங்கி, போல்ட்டில் மாட்டிய எர்த் ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனையை மாற்றி முறுக்கினேன். இருபது நிமிட வேலை. விளக்கெல்லாம் அணைந்தன.

"என்னதாங்க கோளாறு?" என்றார் பாய்.

மழை ஈரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பழத்தை இன்னும் கீழே போடவில்லை.

"நான் கட்டுனதுதான் பாய். எர்த்து மேலயே கட்டிப்புட்டேன்."

பாயின் முகம் சிவந்தது. அக்காதான் தடுத்தார். "பொறவு பேசிக்கலாம், வண்டிய எடுங்க."

சாயங்காலம் அக்கா போன் செய்தார். "பேத்தி பொறந்திருக்கா தம்பி. நாங்க பழனி தாண்டயிலேயே பொறந்துட்டா. அம்மா எங்க, அம்மா எங்கன்னு மக கேட்டுக்கிட்டே கெடந்தாளாம்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது எந்த வண்டி வந்தாலும், போன தடவை நான் எங்கே கை வைத்தேன் என்று பார்த்த பிறகுதான் ஸ்கேனரை எடுக்கிறேன்.