அம்புக்குறிக்குள் நடந்தவர்

ஒஸ்லோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் இருந்தார் அவர். நெடிய உடம்பு, ஒரு காது கேளாது. நேச நாட்டுப் படைகளோடு ஜெர்மனியை நோக்கிப் போன நோர்வே சிப்பாய். பத்திரிகையில் போர் வரைபடம் வந்தால் உடனே கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஜெர்மனி தோற்ற வெற்றி நாளில் எல்லோருக்கும் கேக் கொடுத்தோம். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

“வென்றது நீங்கள்தானே?” என்று கேட்டேன்.

அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னது எனக்கு எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது.

“ஓம், வெண்டனாங்கள். ஜெனரல்மார் படத்திலை ஒரு அம்புக்குறி கீறினவை. நாங்கள் அதுக்குள்ளை நடந்தனாங்கள். அம்பு ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. என்னோடை வந்த பெடியள் ஒல்லாந்துச் சேத்துக்குள்ளை கிடக்கிறாங்கள்.”

அது ஊரில் ஆனையிறவு இராணுவ முகாம் எங்கள் இயக்கப் பிள்ளைகளிடம் விழுந்த வருடம். அன்று மாலை தமிழ்க் கடையில் லட்டுக் கொடுத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் யாழ்ப்பாணத்தை நோக்கிப் புதிதாக ஒரு சிவப்பு அம்பு. ஒஸ்லோவில் இருந்துகொண்டு அம்பு கீறுவதில் எங்கள் ஆட்களுக்குக் கை நடுங்குவதில்லை.

“இனிக் கொஞ்சத் தூரம்தான் அண்ணை, எடுங்கோ!” என்றார் கடைக்காரர்.

லட்டை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

அந்த அம்புக்குள் என் தம்பி நடந்துகொண்டிருந்தான்.