ஆறு மணி மாத்திரை

புருஷன் மல்லிநாதன் செத்ததிலிருந்து கமலாவதிக்குத் தூக்கம் போயிற்று. 2008-இல் அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஆரணியில் காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், செய்யாரில் ஷூ தைக்கும் வேலை. அவளையும் மகள் அமிர்தாவையும் காப்பாற்றியது அந்தத் தையல் மிஷின்தான்.

டாக்டர் முதலில் நைட்ரசெபாம் என்ற தூக்க மாத்திரையை எழுதினார். தூக்கம் வந்தது, வந்தது போகத்தான் மாட்டேன் என்றது. காலையில் உடம்பு எழுந்தாலும் தலை எழவில்லை. இரண்டு நாள் பஸ்ஸை விட்டாள். மூன்றாம் நாள் மிஷின் ஊசி விரலில் இறங்கியது. உடனே டாக்டர் சோல்பிடெம் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் இவன் வந்த வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவான் என்று சிரித்தார். கிளம்பித்தான் போனான். பதினொரு மணிக்கே விழிப்பு, பிறகு விடியும்வரை கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்தாள். பகலில் மிஷின்மேல் சாய்ந்தாள். இன்னொரு தடவை தூங்கினால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். அவள் மறைக்கவில்லை, அந்த மனிதர் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த முறை போனபோது கேட்டார்.

“எத்தனை மணிக்குப் போடறீங்க?”

“ஆறு மணிக்குள்ள சார். நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா தண்ணி கூட வாயில வெக்கமாட்டோம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அது படுக்கப்போகும்போது, பத்து மணிக்குப் போட வேண்டியது. மாத்திரைமேல் தப்பே இல்லை என்றார்.

“சாயங்காலம் போட்டா, பத்து மணிக்கு வேலை செய்யற மாதிரி எதுனா கீதா சார்?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா.”

கல்யாணமான நாளிலிருந்து பொழுது சாய்வதற்குள் அவளும் புருஷனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவரை எடுத்துக்கொண்டு போன அன்று மயங்கி விழுந்தபோதுகூட, இருட்டிவிட்டது என்று தண்ணீர்ச் சொம்பைத் தள்ளியவள் அவள். அவரோடு சேர்ந்து செய்ததில் மிச்சம் அது ஒன்றுதான். அதையும் கேட்கிறதே இந்தப் பாழும் மாத்திரை என்று சபித்தாள்.

அன்று பத்து மணிக்கு ஒரு வாய்த் தண்ணீரில் அதை விழுங்கினாள். காலையில் அமிர்தா உலுக்கித்தான் எழுப்பினாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் சின்னபொண்ணு, “மூஞ்சி தெளிவா கீதே, நல்லா தூங்கினியாக்கா?” என்றாள். தூங்கினேன் என்றாள் கமலாவதி. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, செய்யார் வரைக்கும் அழுதாள்.