அண்ணாவுக்கு எடுத்து வைத்த ஸ்கோன்

எங்கள் வீட்டில் ஸ்கோன் சுட்டால் முதலாவது அண்ணாவுக்கு. அண்ணா சிட்னிக்கு வந்ததே இல்லை. ஸ்கோன் என்று ஒரு குட்டி ரொட்டி உலகத்தில் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஊரில், போரின் கடைசி மாதங்களில் ஒரு பின்னேரம், ஒளித்து வைத்திருந்த கடைசிப் பால்மாவில் ஒரு தேத்தண்ணீர் போடச் சொல்லி மச்சாளைக் கேட்டுவிட்டு, வெளியே என்ன சத்தம் என்று பார்க்கப் போனார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. அவர் திரும்பி வரவில்லை. செத்ததைக் கண்டவர்களும் இல்லை, பிடித்துக்கொண்டு போனதைக் கண்டவர்களும் இல்லை.

மச்சாள் அந்த அண்ணாவின் மனைவி; நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். கடல் வழியாக அகதியாக வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து, ஒருவழியாக வெளியே விட்டபோது நானும் என் மனுசனும் போய்க் கூட்டிக்கொண்டு செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். காரில் ஏறியதும் அவர் சொன்ன முதல் சங்கதி சாப்பாட்டைப் பற்றியது.

"மச்சாள், நான் மச்சமாமிசம் தொடுறேல்லை. முட்டை இல்லை. பாலும் இல்லை. அவர் வந்து அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்வரைக்கும் எண்டு நேர்ந்திருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் எனக்குச் சுலபமாக வரும், அழுகைதான் வராது. அண்ணா எனக்கும் அண்ணாதானே. செத்துவிட்டார் என்று யாராவது அடித்துச் சொன்னால் ஒரு மூலையில் இருந்து அழுது முடிக்கலாம். இவர் என்னை அழவும் விடமாட்டார் போலிருக்கிறதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மச்சாளுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை கிடைத்தது. அங்கே கூட வேலைசெய்த பெண் இவர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிடமாட்டார் என்று விசாரித்துவிட்டு, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அன்று மச்சாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சிரித்தார். "உங்களுக்குத் தெரியுமே, நான் வீகனாம்!" நேர்த்திக்கடனுக்கு இந்த ஊர் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு தட்டே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

ஸ்கோனும் அந்தக் குசினியிலிருந்துதான் வந்தது. அங்கே பாலாடை சேர்ப்பார்கள். மச்சாள் அதற்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் டின் ஒன்றை உடைத்து ஊற்றினார். தானாகப் பொங்கும் செல்ஃப் ரெய்சிங் மா, தேங்காய்ப்பால், ஒரு கோப்பை லெமனேட் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. வேறொன்றும் இல்லை. கையால் பிசையக்கூடாது, கத்தியால் கிண்டிச் சேர்க்க வேண்டும். தட்டிப் பரப்பி, கண்ணாடிக் குவளையின் வாயால் நேரே அமத்தி எடுக்க வேண்டும், திருகினால் ஒரு பக்கமாகச் சரிந்து எழும்பும். தட்டில் ஒன்றோடு ஒன்று முட்ட நெருக்கி அடுக்க வேண்டும். சூடேறிய ஓவனுக்குள் போய்க் கால்மணித்தியாலத்தில் பொங்கி நிற்கும். நான் சுட்டால் அதை வேலிக்கு மேலால் எறிந்து அடுத்த வீட்டு நாயைக் கொல்லலாம். மச்சாளுக்குக் கைராசி.

சுட்டதும் முதலாவதை ஒரு சின்னத் தட்டில் வைத்து, மேசையில், ஓவனுக்குப் பக்கத்துக் கதிரைக்கு முன்னால் வைப்பார். படையல் மாதிரி இல்லை. வேலைக்குப் போன மனுசனுக்கு எடுத்து வைப்பதுபோல. அந்தக் கதிரை எப்போதும் கொஞ்சம் வெளியே இழுத்தபடி இருக்கும், ஒருவர் வந்து இருப்பதற்குப் போதுமான அளவு. அதில் யாரும் இருக்கக்கூடாது.

"அவருக்கு உது பிடிக்கும்," என்பார். "உள்ளுக்கு மெத்தெண்டு இருக்கு."

அது உண்மைதான். சின்ன வயதிலிருந்தே அண்ணா பணிஸ் தின்றால் மேலே ஓர் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் மெத்தென்றதை எல்லாம் தோண்டித் தின்றுவிட்டு, வெறும் கோதை, மேல் தோலை மட்டும், அப்படியே குந்தவைத்துவிட்டு எழும்பிப் போவார். அம்மாவிடம் எத்தனை பேச்சு வாங்கியும் திருந்தவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அந்தக் கோது மச்சாளின் பங்காகிவிட்டது. "கோதை எனக்கு விடுவார்," என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் வரும். எனக்கு அந்த இடத்தில் எழும்பிப் போய்விட வேண்டும் போலிருக்கும்.

கதிரை எனக்குப் பிடிக்கவில்லை. குசினிக்குள் போனால் முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோல் ஒரு கூச்சம். எரிச்சலில் மேசைக்குக் கீழே தள்ளிவிடுவேன். மச்சாள் திரும்ப இழுத்து வைப்பார். ஒருநாள் காலையில் அவர் வேலைக்குப் போனபிறகு தள்ளிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு நானும் வேலைக்குப் போனேன். வீட்டுக்கு முதல் ஆளாக வந்தவளும் நான்தான். கதிரை வெளியே இழுத்திருந்தது. இடையில் என் மனுசன் வந்து சாப்பிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் நான் பிறகு அந்த வீட்டில் எப்படித் தனியே இருப்பது? அதற்குப் பிறகு நான் அதைத் தொடுவதில்லை.

இனிக் காகத்துக்கு வருகிறேன். எனக்கு ஏழரைச் சனி. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் பிடிப்பேன். தலை தோய்ந்து, சமைத்து, சனிபகவானுக்கென்று காகத்துக்குச் சோறு வைத்து, அது வாய்வைத்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். ஊரில் இது பெரிய வேலை இல்லை. சோற்றை வைக்க முதலே காகம் கையைக் கொத்தும்.

இங்கத்தைக் காகம் வேறு சாதி. பருத்தது, தொண்டையில் தாடி தொங்கும், கண் வெள்ளை. கத்தத் தொடங்கினால் பிள்ளை அழுவதுபோல இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சு முட்டி அடங்கும். செவன் ஹில்ஸ் முழுக்கக் குப்பைத்தொட்டியைக் கிளறித் திரியும் அந்தக் காகங்கள் எங்கள் வளவுக்குள் மட்டும் இறங்கியதில்லை. மின்கம்பியில் வரிசையாக இருந்து, வேலிக்கட்டையில் நான் வைத்த சோற்றையும், சோற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் என்னையும் பார்க்கும். நான் "கா, கா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அடுத்த வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். "காகத்துக்கு எங்கடை வீட்டுக்கு விசா குடுக்கேல்லைப் போல," என்பார் என் மனுசன். கடைசியில் ஒரு மைனா வந்து கொத்தினால் அதையும் காகக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சாப்பிடுவேன்.

மச்சாள் மட்டும் ஜன்னலடியில் நின்று அதைத் திருப்தியோடு பார்ப்பார்.

"பாத்தனீங்களே? அது வராது. செத்த ஆக்கள் இருக்கிற வீட்டுக்குத்தானே காகம் வரும். இந்த வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை."

"என்ரை அம்மாவும் அப்பாவும் உயிரோடையோ இருக்கினம்?" என்றேன். பசியில் இருப்பவளிடம் வாயைக் கொடுக்கக்கூடாது.

"அவைக்கு ஊரிலை பெரியண்ணா குடுக்கிறார். அவை ஏன் இவ்வளவு தூரம் வருவான்?" பிறகு மெல்லச் சொன்னார். "ஒருநாளைக்கு அது வந்து வாய்வைச்சுதெண்டால், அண்டைக்கு நான் நம்புவன்."

விசாவுக்காக எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் ஆறுதல் சொன்னார்கள், ஒருவரையும் அவர் நம்பவில்லை. அண்ணாவின் உயிரை இந்த வெள்ளைக்கண் காகத்தின் வாயில் கொடுத்துவிட்டு இருக்கிறார். அதன்பிறகு நான் காகத்தைக் கூப்பிடும்போது என் குரல் இறங்கிவிட்டது. வா என்று கூப்பிட்டுக்கொண்டே, வந்து தொலைக்காதே என்று வேண்டிக்கொள்வேன். அண்ணாவுக்காக அழவேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான் நான். ஆனால் மச்சாளை அந்த ஜன்னலிலிருந்து இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

போன புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. இங்கே அது வசந்தம் என்று பெயர், நெருப்புக் காற்று அடித்தது. என் மனுசன் வேலைக்குப் போயிருந்தார். நான் சோற்றை வேலிக்கட்டையில் வைத்துவிட்டு வெயிலுக்குள் நின்றேன். மச்சாள் உள்ளே ஸ்கோன் சுட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் ஒரே ஒரு காகம். அது கத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓவனுக்குள் எதுவோ வழிந்து தீய்ந்து, புகை அலாரம் அலறத் தொடங்கியது. மச்சாள் ஸ்கோன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஓடிவந்து, வெளி மேசையில் வைத்தார். மற்றக் கையில் சின்னத் தட்டும் இருந்தது. முதல் ஸ்கோனை அதற்குள் எடுத்து வைத்திருந்தார். பதற்றத்தில் அதையும் அதே மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு துவாய்த் துண்டை எடுத்து அலாரத்துக்குக் கீழே நின்று வீசு வீசென்று வீசினோம். மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

அலாரம் நின்றது. வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. வெளியே நகம் தட்டும் சத்தம் கேட்டது.

காகம் மேசையில் நின்றது. பெரிய தட்டில் ஸ்கோன்கள் எல்லாம் ஆவி பறக்கத் திறந்து கிடந்தன. ஒன்றையும் தொடவில்லை. வேலிக்கட்டையில் சோறு வைத்தபடி இருந்தது. காகம் சின்னத் தட்டுக்கு முன்னால் நின்று, அண்ணாவின் ஸ்கோனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காகங்கள் தின்பதுபோல் கொத்திப் பறித்துச் சிதறவில்லை. ஆறுதலாக, உச்சியில் ஓர் ஓட்டை போட்டு, தலையைச் சரித்து உள்ளே விட்டு, மெத்தென்றதைத் தோண்டி எடுத்தது. இடையில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. மச்சாளின் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

நான் "சூ" என்று விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. முடிந்ததும் காகம் அலகை மேசை விளிம்பில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, எழும்பி, கூரைக்கு மேலால் போய்விட்டது.

தட்டில் கோது இருந்தது. உடையாமல், உள்ளே ஒன்றும் இல்லாமல், குந்தவைத்தபடி.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லலாம். வெளிப்புறம் மொறுமொறுப்பு, உட்புறம் மிருது, எந்தப் பறவையும் உள்ளதைத்தான் தின்னும். பிறகு கேட்ட என் மனுசனும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிடத்தில், அந்தக் கோதை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனை காலை அதை மேசையில் கண்டிருக்கிறேன்! என் நெஞ்சுக்குள் இத்தனை வருடம் இறுகிக் கிடந்தது அப்போதுதான் உடைந்தது. நான் வாசற்படியில் இருந்து சத்தமாக அழுதேன்.

மச்சாள் அழவில்லை. உள்ளே போனார். ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது.

"மச்சாள், உங்கடை பால் உதுதானே?"

"ஓம்," என்றேன்.

பால் பொங்கும் மணம் வந்தது. கண்ணாடிக் குவளையில் தேயிலைச் சாயம் கூட்டி, சீனி அள்ளிப்போட்டு, நுரைக்க ஆற்றிக்கொண்டு வெளியே வந்தார். சின்னத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆடை படரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கோதை எடுத்து, பால்தேத்தண்ணீரில் தோய்த்து, காகம் வாய்வைத்தது என்று நான் தடுக்க முதலே, வாயில் போட்டார். மெல்ல மென்றார். முழுவதையும் தின்று முடித்தார்.

கூரைக்கு அப்பாலிருந்து காகத்தின் அந்த அழுகைக் குரல் ஒருமுறை இழுத்துக் கேட்டு அடங்கியது. மச்சாள் அங்கே திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை எழுப்பிக் குசினிக்குள் கூட்டிப் போனார். எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை விட்டு, மேசையில் வைத்தார். ஓவனுக்குப் பக்கத்துக் கதிரையைக் கையால் காட்டினார்.

"இதிலை இருங்கோ மச்சாள். காகம் சாப்பிட்டிட்டுது. இனி நீங்கள் சாப்பிடலாம்."

இருந்தேன். ஓவனின் சூடாகத்தான் இருக்க வேண்டும், கதிரை வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல. சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினேன்.