குடிலுக்கு இடம் வேண்டும்

இன்று காலை, லீவில் வந்திருக்கும் மகன் முன்னறை மேசை முழுக்க பிளாஸ்டிக் கட்டைகளால் ஊர் கட்டிவிட்டான். ஸ்டேஷன், பீங்கான் கம்பெனிப் புகைபோக்கி, சுற்றிலும் தண்டவாளம், அதில் ஒரு ரயில்.

கிறிஸ்துமஸ் குடில் வருஷா வருஷம் அந்த மேசையில்தான் வைப்போம். போன வருஷம் எந்த ஆடு எந்தப் பக்கம் நின்றது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"குடில எங்கடா வைக்கறது?" என்றாள் என் மனைவி ஞானம்மா.

"ஸ்டேஷனுக்குள்ள வெச்சிடலாம்மா. ரயிலு திரும்பவே எடம் பத்தல."

"பெத்லகேம்லயும் எடமில்லன்னுதான் சொன்னாங்க. நீயும் மாதாவ பிளாட்பாரத்துல படுக்க வைக்கப் போறியா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ரெண்டும் வேணும்னா இன்னொரு மேச வேணும்" என்றேன்.

ஞானம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண் என் கட்டிலில் வந்து நின்றது.

"பலகைக் கட்டிலுதானுங்களே. மெத்தைய எடுத்துட்டா மேசதான்."

இப்போது மேசையில் குழந்தை யேசு நிம்மதியாகத் தூங்குகிறார். என் கட்டிலில் ரயில் ஓடுகிறது. நான் தரையில் பாய் விரித்திருக்கிறேன்.

பண்டிகை முடியும்வரை யார் வீட்டிலாவது கட்டில் காலியாக இருந்தால் சொல்லுங்கள். லீவில் வந்த பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால் நல்லது.