கவாத்துத் தேதி கேட்ட மடல்

1. தொப்பி கொடுத்த வினை

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சனிக்கிழமை அனுப்பிய மடல்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்து இன்பாக்ஸில் குவிந்து கிடந்தன. 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் டீ கூடக் குடிக்கவில்லை. அதற்குள் பெங்களூரிலிருந்து போன். மொத்தமாக மெயில் அனுப்பிக்கொடுக்கும் கம்பெனிக்காரர், தமிழ் தெரிந்தவர், தன்மையாகத்தான் பேசினார்.

"மேடம், இவ்வளவு பௌன்ஸ் வந்தா எங்க சர்வருக்கே கெட்ட பேரு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா உங்க அக்கவுன்ட்ட பிளாக் பண்ண வேண்டியதுதான்."

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. தேனியில் சொட்டுநீர்க் குழாயும் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. முதலில் பில் போடும் கவுன்டரில் இருந்தேன். கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயிகளுக்காக வாரம் ஒரு மடல் எழுதும் வேலையும் பிறகு என்னிடம் வந்தது. கேரளா மார்க்கெட்டில் பன்னீர் திராட்சை என்ன விலை, மழை வருமா, எந்த நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று இரண்டு பக்கம். முதலில் ஜெராக்ஸ் எடுத்து பில்லோடு கொடுத்தோம். பிறகு முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து சொன்ன யோசனைப்படி மெயிலுக்கு மாறினோம். தமிழ் எழுத்து சில கம்ப்யூட்டர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவேன்.

அந்த மடலை எழுதும் நாள்களில்தான் நான் சந்தோஷமாக ஆபீஸுக்குப் போனேன். மறைப்பானேன், அதை யாரும் என் கையிலிருந்து பிடுங்குவதை என்னால் தாங்க முடியாது. முதலாளிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பெங்களூர் போனைப் பற்றிச் சொன்னதும் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரு ராணி, மாசக் கடைசிக்குள்ள சரியாச்சுன்னா சரி. இல்லைன்னா மடல நிப்பாட்டிரு. நீ பழையபடி பில்லு போடப் போயிரு. காசக் கட்டி யாருமில்லாத வீட்டுக்கு லெட்டர் போட முடியாது."

யாருமில்லாத வீடுகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். வீரபாண்டித் திருவிழாவில் கடை போட்டோம். மடலுக்குப் பேர் கொடுப்பவர்களுக்கு எல்லாம் இலவசத் தொப்பி என்றார் முதலாளி. சித்திரை வெயிலில் தொப்பி கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ராட்டினத்துக்கு நின்ற வரிசையை விட எங்கள் வரிசை நீளமாக இருந்தது. மெயில் முகவரி இல்லாதவர்களும் வாயில் வந்ததைச் சொன்னார்கள். ஒருவர் தன் பைக் நம்பரைச் சொல்லி, "இதுக்குப் பின்னால என்ன போடணுமோ நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியோடு போனார். எங்கள் சேல்ஸ் பையன்களும் சளைத்தவர்கள் இல்லை, அவரவர் கற்பனைக்கு ஏற்றபடி போட்டு நிரப்பிவிட்டார்கள்.

2. பூட்டு போட்டேன்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து ஃபாரத்தைக் கடுமையாக்கினேன். முகவரியை இரண்டு முறை டைப் செய்ய வேண்டும். பிறகு எங்களிடமிருந்து போகும் மெயிலில் ஒரு லிங்க்கை அமுக்கி, 'ஆமாம், இது நான்தான்' என்று உறுதி சொல்ல வேண்டும். அமுக்காதவர்கள் பெயரை எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் காத்திருந்தேன். லிங்க்கை ஒழுங்காக அமுக்கிய ஆட்கள் யாரென்று பார்த்தால், முக்கால்வாசிப் பேர் எங்களுக்குப் போட்டியாக மருந்து விற்கும் கம்பெனிகளின் ரெப்புகள். நாங்கள் என்ன விலை சொல்கிறோம் என்று வேவு பார்க்க அவர்களுக்குத்தான் அவ்வளவு அக்கறை. திராட்சைக்காரர்களைக் காணோம். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே பில் கவுன்டர்தான்.

இன்னொரு வேலையும் செய்தேன். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. வெவ்வேறு பேர், வெவ்வேறு ஊர், முகவரி மட்டும் ஒன்றே. 'மெஹர்' என்று தொடங்கும் ஒரு முகவரி அது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து அதையும் அடியோடு எடுத்துவிட்டேன். பெரிய களை பிடுங்கிய நிம்மதி எனக்கு.

அந்த நிம்மதி அடுத்த வாரமே போயிற்று. காமயகவுண்டன்பட்டியிலிருந்து பெரியசாமி என்ற விவசாயி தேனிக்கே பஸ் ஏறி வந்து என் மேஜை முன் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு திராட்சை இலை. இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஏம்மா, மடல் எழுதுறது நீதானா? எதுக்கும்மா எங்களுக்கு வர்றத நிப்பாட்டுன? நான் கவாத்து வெட்டி நாப்பது நாளாச்சு. செவட்ட நோவு விழுந்து போச்சு பாரு. போன வருசம் இதே சமயத்துல நீ எழுதித்தான் முன்கூட்டியே மருந்தடிச்சேன். இந்த வருசம் மடலையே காணோம்."

காய்த்த கொடியை வெட்டிவிடுவதுதான் கவாத்து; அன்றிலிருந்துதான் அடுத்த மகசூலுக்கு நாள் எண்ணுவார்கள். நான் பழைய பட்டியலில் தேடினேன். அவர் பெயர் இருந்தது. அதற்கு நேரே இருந்தது நான் எடுத்த 'மெஹர்' முகவரி.

"அய்யா, அது உங்க முகவரி இல்லையே" என்றேன்.

"எங்க எல்லாத்துக்கும் அதுதாம்மா. கம்பத்துல மெஹரு பாப்பா நெட் கடை வச்சிருக்கு. போனுக்கு பி.பி. நம்பர் குடுக்கலையா, அது மாதிரிதான்."

வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்தில் பி.பி. என்று எழுதிய காலம் அப்போது முழுதாகப் போய்விடவில்லை. எங்கள் ஜனம் மெயிலையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டது. அவருக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று எங்கள் விவசாய ஆபீசரிடம் கேட்டு எழுதிக்கொடுத்தேன். அவர் போன பிறகும் அந்த இலை என் மேஜையிலேயே கிடந்தது. எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

3. மெஹருன்னிசாவின் சுவர்

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே நாலு கம்ப்யூட்டர். மெஹருன்னிசாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் சவுதியில் இருந்தார். அவரோடு பேசுவதற்காகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதையே கடையாக்கியிருந்தார். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது சுவர்தான். எதிர்ச் சுவரில் என் மடல், பெரிதாகப் பிரின்ட் எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. கடைசியாக அனுப்பியது இல்லை, நான் அவர் முகவரியை எடுப்பதற்கு முந்தியது. விலை எழுதிய இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

நான் யாரென்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, டவுன் பஸ்ஸுக்கு நிக்கிறவக எல்லாம் இங்கன வந்து படிச்சிட்டுத்தான் போவாக. கண்ணு தெரியாதவகளுக்கு நான் படிச்சுக் காட்டுவேன். ரெண்டு வாரமா வரலையா, என்னையத்தான் ஏசுறாக. நான் என்னமோ மறைச்சு வச்சுக்கிட்ட மாதிரி."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் என் கஷ்டத்தையும் சொன்னேன். இத்தனை பேர் படித்தாலும் பெங்களூர்க்காரர் கணக்கில் இது ஒரே முகவரி. மற்றவையெல்லாம் பொய் என்றால் இந்த ஒன்றுக்காக முதலாளி காசு கட்ட மாட்டார்.

"அப்ப ஆளாளுக்கு ஐடி போட்டுக் குடுத்துருவோம்" என்றார் மெஹர்.

"போட்டா மட்டும் திறந்து பாப்பாகளா? தொப்பிக்குப் பேர் குடுத்த கதைதான்."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "பாக்க மாட்டாகதான். சுவத்துல இருக்கும்போது எதுக்குப் பாக்கப் போறாக? இதுலயும் அவக படிக்கிறது நாலு வரிதான்க்கா. நேத்து வெட்டுனவருக்கு ஒரு வரி, காய் பறிக்கப் போறவருக்கு ஒரு வரி. மத்தத எல்லாம் தாண்டிப் போயிருவாக."

எனக்குப் பெரியசாமியின் நாற்பது நாள் ஞாபகம் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு ஒரே சீசன் கிடையாது. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும், இன்னொன்றில் பறிப்பு நடக்கும். பக்கத்துப் பக்கத்துப் பந்தலிலேயே ஒன்றில் பூ, ஒன்றில் பழம். எல்லாருக்கும் ஒரே மடலை எழுதிவிட்டு, எல்லாரும் தனித்தனி முகவரி கொடுக்கவில்லையே என்று நான் கோபித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து புது ஃபாரம் தயார் செய்தேன். தொப்பி இல்லை, பரிசு இல்லை, இரண்டு முறை டைப் செய்வதும் இல்லை. பெயருக்குக் கீழே இரண்டே கேள்விகள். என்றைக்குக் கவாத்து வெட்டினீர்கள்? உங்கள் தோட்டத்துக்கான மடல் எந்த முகவரிக்கு வர வேண்டும்? வெட்டி எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்து நாலு குழுவாகப் பிரித்து, வாரம் நாலு மடல் எழுதுவது என்று முடிவு செய்தேன். வேலை நாலு மடங்கு. அதைப் பற்றி அன்றைக்கு நினைக்கவே இல்லை.

மெஹர் சுவரிலிருந்த மடலைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சீட்டு ஒட்டினார்: 'இனி உங்க தோட்டத்துக் கடுதாசி உங்க பேருக்கு வரும்.' வந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து ஐடி உண்டாக்கிக் கொடுத்தார். அடுத்த பத்துப் பதினைந்து நாளில் நான் கம்பம் போனபோதெல்லாம் அவர் குரல் வாசலுக்கே கேட்டது.

"மாமா, பாஸ்வேர்ட எங்கிட்டயும் சொல்லக் கூடாது. குலசாமி பேரு வேண்டாம், ஊருக்கே தெரியும். திரும்பிக்கிறேன், நீங்களே தட்டுங்க."

4. ஒரு போன்

மாசக் கடைசி வந்தது. பெங்களூர்க்காரர் போன் செய்து, திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது, அக்கவுன்ட் இருக்கட்டும் என்றார். முதலாளி பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். திருவிழாப் பட்டியலில் கால்வாசி கூட இல்லை.

"என்ன ராணி, இம்புட்டுத்தானா? இதுக்கா இத்தன பாடு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் மேஜையில் போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனைக்காரர் சத்தமாகப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"சுருளிப்பட்டியில இருந்து பேசுறேங்க. எனக்கு மட்டும் மடல் வரல. என் மெயில் அட்ரஸ்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு போல. எழுதிக்கிறீகளா? நான் வெட்டி இருவது நாளாச்சு, சீக்கிரம் வேணும்."

எத்தனையோ மாதங்களாக நான் முகவரிக்காகக் கெஞ்சியிருக்கிறேன், பரிசு கொடுத்திருக்கிறேன், பூட்டுப் போட்டிருக்கிறேன். தன் முகவரி தப்பாக இருக்கிறது, திருத்துங்கள் என்று ஒருவர் தானாகக் கேட்டது அன்றைக்குத்தான். முதலாளி என்னிடம் போனைத் தரவில்லை. தானே பேனாவை எடுத்தார்.

"மெதுவாச் சொல்லுங்க. 'எம்'மா, 'என்'னா? மதுரைக்கு வர்ற எம்மு... சரி. அடுத்து?"

எழுதி முடித்து, ஒரு தடவை திருப்பியும் படித்துக் காட்டினார். பிறகு சீட்டை என்னிடம் நீட்டி, "இவருக்கு இன்னைக்கே அனுப்பிரு" என்றார். அதற்குப் பிறகு பில் கவுன்டர் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், உண்மையான முகவரியை வாங்குவது எப்படி என்று. வரவில்லையே என்று ஒருவர் தேடுகிற மாதிரி எழுதுங்கள், முகவரியை அவரே சரிபார்த்துக் கொடுப்பார் என்பேன். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. பஸ் ஏறி வந்து கேட்ட பெரியசாமிக்கும், எல்லாரையும் விட மெஹருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. எல்லாரும் சொந்த முகவரிக்குப் போனதும் மெஹரின் முகவரி தனியாக நின்றது. அவருக்குத் தோட்டம் கிடையாது. கவாத்துத் தேதி இல்லாத முகவரியை எங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. போனில் இதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கு இனிமே வராதாக்கா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

நான் அவர் பெயருக்கு நேரே அன்றைய தேதியைக் கவாத்துத் தேதியாகப் போட்டேன். அவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த பட்டியலில் ஒரே ஒரு பொய் உண்டு. அது நான் எழுதியது.

பறிப்பு முடிந்து, மறுபடி வெட்டியதும் விவசாயிகள் புதுத் தேதியை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மடல் நின்றுவிடும். நான் அந்த வேலையில் இருந்த வரைக்கும், நாலு மாதத்துக்கு ஒரு முறை கம்பத்து நெட் கடையிலிருந்து தவறாமல் போன் வரும்.

"அக்கா, நம்ம தோட்டத்துல கவாத்து வெட்டியாச்சு. தேதிய மாத்திக்கங்க."