ஆட்கள் என்ற முள்

எங்கள் மாதர் சங்கத்தில் எருமைத் தயிர் போடுகிறோம். போன வருடம் புளியந்தீவுக் கடைகளில் இருந்து தயிர்ச் சட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. பால்தான் பிழை என்றார்கள் சிலர். சட்டிதான் என்றார்கள் சிலர்.

காரணம் கண்டுபிடிக்கப் பிரதேச செயலகத்தில் இருந்து உத்தியோகத்தர் பிள்ளை ஒருத்தி வந்து, சுவரில் பெரிய தாளை ஒட்டி, தலையும் முள்ளுமாக ஒரு மீனைக் கீறினாள்.

"என்ன மீன் புள்ள, மணலையா, திரளியா?" என்று என் மச்சாள் கேட்டாள்.

"மீன்ட சதையெல்லாம் ஆர் திண்ட?" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டாள்.

மீனின் தலையில் ‘தயிர் திரும்பி வருகிறது’ என்று எழுதினாள். முட்களுக்குப் பால், சட்டி, இடம், ஆட்கள் என்று பெயர் வைத்தாள். திரும்பி வரும் ஒவ்வொரு சட்டியையும் திறந்து பார்த்து, எதனால் கெட்டதோ அந்த முள்ளில் ஒரு கோடு போட வேண்டும். மாதம் முடியக் கோடு கூடினதை முதலில் திருத்த வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சங்கத்தில் சட்டிகளுக்குத் தாள் போட்டு வாய் கட்டுகிறது என் வேலை. கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன். கோட்டுக்கு எழுத்து வேண்டாம் என்று பென்சிலை என்னிடம் தந்தார்கள்.

வந்த சட்டிகளைத் திறந்தால் அநேகமாக ஒரே கதைதான். தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். உறைய முதல் ஆரோ தூக்கி நகர்த்தினால்தான் அப்படி வரும். தூக்குகிறது மச்சாள் என்று எனக்குத் தெரியும். ஆட்கள் என்ற முள்ளுக்குப் பென்சிலைக் கொண்டுபோனேன். கை எழவில்லை. சட்டி என்ற முள்ளில் கீறினேன். அடுத்ததையும் அப்படியே.

மாதம் முடிந்ததும் அந்தப் பிள்ளை கோடுகளை எண்ணி, நிறத்தாளை வெட்டி, உயரத்தின்படி வரிசையாக ஒட்டினாள். சட்டி எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்றது.

"அப்ப சட்டிக்காரர நிப்பாட்டுவம்" என்றார் தலைவி.

அந்த மனிதர் பக்கத்து ஊரில் சட்டி சுடுகிறவர். ஒவ்வொரு கிழமையும் அவரிடம் வாங்குகிறது நாங்கள் மட்டும்தான்.

"சட்டியில பிழையில்ல" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று திரும்பவும் சொன்னேன்.

"ஆருகா கதைக்கிற, இவவா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"உறைய முதல் தூக்கித்தான் தயிர் உடைஞ்சிருக்கு. நான்தான் மாத்திக் கீறினன்."

"ஏன் அம்மா?" என்றாள் உத்தியோகத்தர் பிள்ளை.

"சட்டிக்கு நோகாதுதானே."

பின்னால் இருந்து மச்சாளின் குரல் வந்தது. "நான்தான்கா தூக்கினன். அடுத்த பால் வந்து நிக்கக்குள்ள வைக்க இடம் எங்க கிடக்கு?"

அந்தப் பிள்ளை சட்டிக்கு ஒட்டிய நிறத்தாளைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஆட்களில் ஒட்டுவதா இடத்தில் ஒட்டுவதா என்று கேட்டாள். அதற்கு ஒரு மணித்தியாலம் சண்டை. கடைசியில் சட்டி வைக்கச் சுவரோடு இன்னொரு பலகை அடிப்பது என்று முடிவானது. சட்டிக்காரரைப் பற்றிப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

மூன்று நாள் மச்சாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "என்னட்டச் சொல்லியிருக்கலாமேகா" என்றாள். சொல்லியிருக்கலாம்தான்.

அடுத்த கிழமை சட்டிக்காரரின் உழவு இயந்திரம் பெட்டியோடு வந்தது. எப்போதும் போல வைக்கோலை விலக்கிச் சட்டிகளை இறக்கிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

புதுத் தாளுக்கு வந்த முதல் சட்டியில் எறும்பு. வாய்க்கட்டு தளர்ந்திருந்தது. நான் பென்சிலை எடுத்து ஆட்கள் முள்ளில் ஒரு கோடு கீறினேன்.

மச்சாள் எட்டிப் பார்த்தாள். "இது ஆருக்கு?"

"எனக்கு" என்றேன்.