வெள்ளி கீழே, தங்கம் மேலே

அந்த மண்சட்டியின் உட்புறம் பாதி உயரம் வரைக்கும் வளையம் வளையமாகப் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதற்கு மேலே மண்ணின் சிவப்பு மட்டும்தான். எண்பதுகளின் கடைசியில், கான்சாபுரத்தில் ஒரு சம்சாரி தன் தோட்டத்தில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டியபோது கிடைத்த புதையல் சட்டி அது. உள்ளே தங்கமும் வெள்ளியுமாக நகைகள். கவர்மெண்டுக்குக் கொடுப்பதை அழுக்கோடு கொடுக்கலாமா என்று, அந்த நல்ல மனுசன் அம்புட்டையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். அதில்தான் வந்தது வினை. எந்த நகை எப்படிக் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஏதோ கோயிலில் திருடி அவருடைய பாட்டன் புதைத்தது என்று கிளப்பிவிட்டார்கள். வன்னியம்பட்டியில் அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது.

என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி, ராஜபாளையத்தில் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். பிடித்தால் உடும்புப்பிடி. ஒரு பெண்ணின் கல்யாணம் வெறும் வாய்ப்பேச்சில் நிற்பதா என்று கிளம்பிவிட்டார். நகையைப் பார்க்க அனுமதி கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மில்லுக்கு லீவு போட்டு ஸ்கூட்டரில் கூட்டிப்போனது நான்தான். ஒருவழியாகக் காட்டினார்கள். தேய்த்துக் கழுவிய நகையில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. மதினிக்கு முகமே விழுந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் சட்டி எங்கே என்று கேட்டார். போய்ப் பார்த்தால், சம்சாரி வீட்டுத் தொழுவத்தில் அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தவர், சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை வன்னியம்பட்டிக்கு விடச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் அதை வைத்தார். செம்பு கலந்த பழைய வெள்ளிதான் பச்சைக் களிம்பு கக்கும், தங்கம் கக்காது என்று, களிம்பு அடிப்பாதியோடு நிற்பதை விரலால் தொட்டுக் காட்டினார்.

“களவாண்டவன் அள்ளிப் போடுவான். இது ஒரு பொம்பளை அடுக்கி வச்சது. கால்ல போடுறது அடியில, கழுத்துல போடுறது மேல.”

அந்தம்மா சட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். தன் பெட்டியிலும் அப்படித்தான் வைப்பதாகச் சொன்னார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது.

புதைத்தவள் யார், ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பது மட்டும் மதினியைச் சாகும்வரை குடைந்துகொண்டே இருந்தது.

நகை மியூசியத்துக்குப் போனது; சட்டி சம்சாரி மகளோடு புகுந்த வீட்டுக்குப் போனது. போன மாதம் அவளுடைய மகள் கல்யாணம். சாமி முன்னால் அதே சட்டியில் நகைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி சங்கிலியை முதலில் போடப் போனாள்.

“ஏட்டி, கொலுசை மொதல்ல வையி,” என்றாள் பெண்ணின் அம்மா.

பிறகு கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்தாள். சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டாள். அடியில் கிடந்த கொலுசை எடுத்துக் காலில் மாட்டினாள். சட்டி காலியானது.